குறையில்லாத கோப்பு

அமெரிக்காவில் இதயநோய்த் துறையிலோ இரைப்பை-குடல் துறையிலோ ஃபெலோஷிப் எனும் சிறப்புப் பயிற்சிக்கு இடம் கேட்டு அனுப்பப்படும் விண்ணப்பத்தைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். பொது மருத்துவ ரெசிடென்சி மூன்றாண்டு. அதில் இரண்டாண்டு முடிந்து மூன்றாவது தொடங்கும் ஜூலையிலேயே விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆகஸ்ட் முதல் இன்டர்வியூ. விண்ணப்பித்தவர் ஒரு விருப்பப் பட்டியலும் மருத்துவமனை ஒரு விருப்பப் பட்டியலும் நவம்பரில் கொடுக்க, இரண்டையும் பொருத்திப் பார்க்கும் மேட்சின் முடிவு டிசம்பர் தொடக்கத்தில் வருகிறது. ஒரு டாக்டர் வாழ்நாள் முழுக்க இதயத்தைப் பார்ப்பாரா, குடலைப் பார்ப்பாரா, இரண்டும் இல்லையா என்று முடிவு செய்வது அந்தச் சில பக்கக் கோப்புதான். அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் ஒன்றுக்கு உரிய புகழைக் கொடுத்தாக வேண்டும். இல்லாத சிறப்பு எதையும் அதன்மேல் ஏற்ற மாட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

எண்ணுவதில் அதற்கு நிகர் இல்லை. வலுக் குறைந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு ரெசிடென்ட் தன் சீனியரிடம் போனால், நோயாளிகளை எப்படிப் பார்க்கிறாய் என்ற கேள்வி அநேகமாக வராது. எத்தனை பப்ளிகேஷன் என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தப் பழக்கம் ஃபெலோஷிப்புக்கு முன்பே, மருத்துவக் கல்லூரியிலேயே ஊட்டப்பட்டுவிடுகிறது. மேட்சை நடத்தும் அமைப்பு வெளியிடும் புள்ளிவிவரத்தில் கட்டுரைச் சுருக்கம், மாநாட்டில் படித்தது, இதழில் அச்சானது மூன்றும் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டு நிற்கின்றன. மூளை அறுவைச் சிகிச்சை ரெசிடென்சியில் இடம் பிடித்த அமெரிக்க எம்.டி. மாணவர்களின் சராசரி 2022-ல் 25.5. இரண்டே ஆண்டு கழித்து, 2024-ல், 37.4. இவர்கள் இன்னும் ஒரு நோயாளிக்குத் தம் பொறுப்பில் மருந்துச் சீட்டு எழுதியவர்கள் அல்லர். ஆனால் 37 ஆய்வுப் படைப்புகளுக்குச் சொந்தக்காரர்கள். எந்த நாட்டு மருத்துவ வரலாற்றிலும் இளைஞர்கள் இவ்வளவு எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இடையில் ஒரு தடை வந்தது. மாணவர்களின் உயிரை வாங்கிக்கொண்டிருந்த ஸ்டெப் 1 என்ற மருத்துவ உரிமத் தேர்வில் 2022 ஜனவரி 26 முதல் மதிப்பெண் சொல்வதை நிறுத்திவிட்டு, தேறினாரா இல்லையா என்பதை மட்டும் தெரிவிக்கத் தொடங்கினார்கள். மாணவர்கள் மூச்சுவிடட்டும் என்ற நல்லெண்ணமும் அதில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் போய்விட்டதே என்று கோப்பு கலங்கவில்லை. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த கட்டுரைக் கணக்கை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டது. ஒரு வாசல் அடைத்தால் மறுவாசல் தேடிக்கொள்ளும் இந்த உயிர்ப்பைப் புகழாமல் இருக்க முடியுமா?

ஒரு நோயாளியைப் பெருக்கிக் காட்டும் ஆற்றலும் அதற்கு உண்டு. அபூர்வ நோயோடு ஒருவர் நள்ளிரவில் வார்டுக்கு வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள், இதை எழுதப்போவது யார் என்ற பேச்சு ரெசிடென்ட்களுக்குள் முடிந்துவிடும். முதலில் மருத்துவமனையின் ஆய்வு நாளில் ஒரு போஸ்டர். பிறகு மாநில அளவிலான கூட்டத்தில் அதே போஸ்டர். அடுத்து தேசிய மாநாட்டுக்கு ஒரு சுருக்கம். கடைசியில் ஏதோ ஓர் இதழில் கேஸ் ரிப்போர்ட். கோப்பில் நான்கு வரிகள். படுக்கையில் இருந்தவர் ஒருவர்தான், அவருடைய நோயும் ஒன்றுதான், எழுதியவர் கற்றதும் அநேகமாக ஒன்றுதான். கேஸ் ரிப்போர்ட்டை நான் இழிவாகச் சொல்லவில்லை. 1981-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விசித்திர நிமோனியாவைப் பற்றி டாக்டர்கள் எழுதிய ஒரு சிறு குறிப்பிலிருந்துதான் எய்ட்ஸ் என்ற நோய் உலகுக்குத் தெரிய வந்தது. அதை எழுதியவர்கள் தங்கள் கண்ணில் பட்டதை மற்ற டாக்டர்களுக்குச் சொல்லத் தவித்தார்கள். இன்றைய நான்கு வரிகளில் அந்தத் தவிப்பு எத்தனை வரியில் இருக்கிறது என்று கோப்பு கேட்பதில்லை. கேட்காத பெருந்தன்மை அதனுடையது.

எண்ணிக்கையை விரைந்து கூட்ட நினைப்பவர்களுக்கு ஒரு பெரும் கொடை காத்திருக்கிறது. தேசிய உள்நோயாளி மாதிரித் தரவு, சுருக்கமாக என்.ஐ.எஸ். அமெரிக்க அரசின் முகமை ஒன்று அதை வெளியிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் மருத்துவமனைச் சேர்க்கைகளின் பதிவு அதில் இருக்கிறது. கட்டணம் கட்டி, சிறு பயிற்சி ஒன்றை முடித்தால் தரவு கைக்கு வரும். எந்த நோயாளியின் கட்டிலருகிலும் போய் நிற்க வேண்டாம், யாருடைய சம்மதமும் கேட்க வேண்டாம். ஒரு நோய்க் குறியீட்டையும் இன்னொரு குறியீட்டையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தால் சனி, ஞாயிறுக்குள் ஒரு சுருக்கம் தயார். ஆனால் அந்தத் தரவில் ஒவ்வொரு வரியும் ஒரு சேர்க்கை, ஒரு மனிதர் அல்ல. ஒருவரே ஆண்டில் நான்கு முறை சேர்ந்தால் நான்கு வரி. ரத்தப் பரிசோதனை முடிவு அதில் கிடையாது. இருப்பவை பெரும்பாலும் பில்லுக்காக எழுதப்பட்ட குறியீடுகள். இதை இப்படித்தான் கையாள வேண்டும், இன்னின்ன முடிவுக்கு வரக் கூடாது என்று அந்த முகமையே எழுதி வைத்திருக்கிறது.

ரோஹன் கேராவும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் ஜாமா இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2015, 2016 இரண்டு ஆண்டுகளில் இந்தத் தரவை வைத்து வந்த ஆய்வுகள் 1,082. அவற்றிலிருந்து 120-ஐ எடுத்துப் படித்தார்கள். கடைப்பிடித்தே ஆக வேண்டிய முறைகளில் ஒன்றையாவது மீறியவை 102. அதாவது 85 விழுக்காடு. தரவோடு வரும் எச்சரிக்கையைப் படிக்க நிற்காத வேகம் அது. அந்த 102 கட்டுரைகளும் யாரோ சிலருடைய கோப்புகளில் முழு வரிகளாக நிற்கின்றன. தப்பான கட்டுரைக்கும் சரியான கட்டுரைக்கும் ஒரே இடம் கொடுக்கும் அந்தச் சமநோக்கை, வேறுபாடு பார்க்கவே பழகிப்போன நம் உலகத்தில் எங்கே காண்பது?

இந்த உழைப்பெல்லாம் எந்த நேரத்தில் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரெசிடென்டிடம் வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 2003 முதல் விதி இருக்கிறது. களைத்த டாக்டர் தவறு செய்வார், தவறு நோயாளியைக் கொல்லும் என்பதால் வந்த விதி. 80 மணி முடிந்து வீடு திரும்பிய பிறகு, தூங்க வேண்டிய நேரத்தில், விண்ணப்பம் தன் வேலையைத் தொடங்குகிறது. விதி அதன்மேல் பாயாது, அது அவரவர் தம் விருப்பத்தால் செய்யும் வேலை. விதி கொடுத்த ஓய்வை யாரும் வற்புறுத்தாமல் தாமே திருப்பிக் கொடுக்கும்படி இத்தனை ஆயிரம் பேரைப் பழக்கிவிட்டது அந்தக் கோப்பு. எந்தக் கண்டிப்பான தலைமை டாக்டராலும் முடியாத காரியம்.

பரிந்துரைக் கடிதங்களின் நடையழகு தனியாகப் பேசத் தக்கது. அந்தக் கடிதங்களில் சராசரி ரெசிடென்ட் என்று ஒருவர் இல்லை. எல்லாரும் சிறந்தவர்கள். பலர், கடிதம் எழுதுபவர் தம் பணிக்காலத்தில் கண்டவர்களிலேயே மிகச் சிறந்தவர்கள். விண்ணப்பிப்பவர் தம் கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவது வழக்கம். ஒளிவுமறைவின்றி எழுத வேண்டும் என்பதற்காக. அப்படி யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற உறுதி கிடைத்த பிறகும், குறை என்று ஒன்றைச் சொல்ல மனம் வராத ஆசிரியர்கள் வாழ்கிறார்கள். சில இடங்களில் நேரமில்லாத பெரியவர் "நீயே ஒன்று எழுதிக் கொண்டு வா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்துவிடுகிறார். தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைவிட வேறு யாருக்குத் தெரியும்?

கோப்பு வலுவாக இல்லையென்றால் பெரிய பெயர் கொண்ட ஒருவரிடம் கடிதம் வாங்கு என்பார்கள். அந்தப் பெரியவர் விண்ணப்பிப்பவரை வார்டில் பார்த்தது இரண்டு வாரம். முகம் நினைவில் இருக்காது, பெயர் பட்டியலில் இருக்கும். அவர் எழுதும் கடிதத்தில் நோயாளி யாரும் வர மாட்டார், சம்பவம் எதுவும் வராது. அறிவு, பணிவு, கடின உழைப்பு என்ற மூன்று சொற்கள் வரும். அதே மூன்று சொற்கள் அடுத்தவர் கடிதத்திலும் வரும். படிப்பவருக்கு அடியில் இருக்கும் கையெழுத்து மட்டும் கண்ணில் நிற்கும். இப்படி ஒரு கடிதத்தால் யாருக்கும் ஒரு தீங்கும் வராது என்பது அதன் தலையாய நற்குணம்.

தன்வரலாற்றுக் கட்டுரை பற்றி நீட்ட வேண்டாம். ஒரு பக்கம். பாட்டிக்கு மாரடைப்பு வந்த இரவில் தொடங்கும். அதைச் செதுக்கிக் கொடுக்கக் கட்டணம் வாங்குபவர்கள் உண்டு. இப்போது கட்டணமில்லாமல் செதுக்கும் மென்பொருளும் வந்துவிட்டது. பாட்டி நிஜமாகவே இறந்துபோன ஒரு பெண்ணின் பக்கம் மற்ற பக்கங்களைப் போலவே இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்தது வடிகட்டி. அதன் கூர்மைக்குத் தலைவணங்க வேண்டும். பலவீனமான விண்ணப்பம் என்றால் எல்லா இடத்துக்கும் அனுப்பு என்பது பொதுவான அறிவுரை. இதயநோய்க்கும் இரைப்பை-குடலுக்கும் தனித்தனியே 200-க்கு மேற்பட்ட பயிற்சி இடங்கள் இருக்கின்றன. எல்லாரும் எல்லா இடத்துக்கும் அனுப்பினால் ஒவ்வொரு இடத்திலும் சில இருக்கைகளுக்கு நூற்றுக்கணக்கில் கோப்புகள் குவிகின்றன. குவிவதை எந்த மனிதரும் படிக்க முடியாது. ஆகவே கணினியில் வடிகட்டி போடுகிறார்கள்: விசா தேவையா, எந்த ஆண்டு பட்டம், தேர்வில் எத்தனை முறை உட்கார்ந்தார். வடிகட்டியைத் தாண்டவில்லை என்று தெரிந்ததும் அடுத்த ஆண்டு இன்னும் நூறு இடத்துக்கு அனுப்பு என்கிறார்கள். இன்னும் குவிகிறது, வடிகட்டி இன்னும் நுணுக்கமாகிறது. கூடுதலாக அனுப்பும் ஒவ்வொரு கோப்புக்கும் கட்டணம் உண்டு. அதைச் சுணங்காமல் கட்டி இந்த ஏற்பாட்டைத் தாங்கிப் பிடிப்பவர்களில், வடிகட்டியைத் தாண்டவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பணத்தில்தான் தங்களைப் படிக்காத ஏற்பாடு நடக்கிறது. 2020-க்குப் பிறகு இன்டர்வியூ பெரும்பாலும் கணினித் திரைக்கு வந்துவிட்டது. விமானச் செலவு மிச்சம். ஏழை ரெசிடென்டுக்கு அது உண்மையான உதவி. கோப்பு பளபளக்கும் சிலர் அதே வசதியால் போகவே நினைக்காத ஊரின் இன்டர்வியூவையும் விடாமல் ஏற்றுக்கொள்ள, அந்த இடம் வேறொருவருக்குப் போகாமல் போவதும் நடக்கிறது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு அமெரிக்கா போன டாக்டரின் கோப்பு இந்த வடிகட்டியின் முன் வந்து நிற்கும்போது, அதன் பெருமை இன்னும் விளங்கும். வாதக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போன இருபது வயதுப் பெண்களை ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதே பார்த்தவர் அவர். எக்கோ எடுக்கும் முன்பே ஸ்டெத்தாஸ்கோப்பில் அந்த முணுமுணுப்பைக் கேட்டுப் பழகிய காது. அமெரிக்காவில் பிறந்து படித்த பல இதய நிபுணர்கள் பாடப்புத்தகத்தில் மட்டுமே சந்தித்த நோய் அது. கோப்பில் அந்தக் காதுக்கு ஒரு கட்டம் இல்லை. விசாவுக்கு இருக்கிறது. ஜே-1 விசாவில் வந்தவர் பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். அல்லது டாக்டர் கிடைக்காத ஊரில் வேலை பார்த்து விலக்குப் பெற வேண்டும். அந்த விலக்கு ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேருக்கு. 1994-ல் வந்த ஏற்பாடு. யாரும் போக விரும்பாத ஊர்களுக்குப் போவதற்கு இவர்கள் நல்லவர்கள், பெரிய நகரத்து ஃபெலோஷிப்புக்கு இவர்களுடைய விசாவில் சிக்கல் என்று இரண்டு உண்மைகளையும் ஒரே நாடு சண்டையில்லாமல் வைத்துக்கொள்கிறது. கல்லூரியின் பெயரையும் பட்டம் பெற்ற ஆண்டையும் எந்த ஆலோசகராலும் திருத்திக் கொடுக்க முடியாது. திருத்த முடியாத குறைகளை முதலில் கண்டுபிடித்துத் தள்ளுவதால்தான் வடிகட்டி அவ்வளவு விரைவாக இயங்குகிறது.

முதல் முறை இடம் கிடைக்காதவர்களைக் கோப்பு கைவிடுவதில்லை. ஓராண்டு ஆய்வுப் பணி செய்யலாம். சம்பளம் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஃபெலோஷிப் என்ற பெயர் மட்டும் கொண்ட, அங்கீகாரமில்லாத கல்லீரல் பயிற்சியிலோ இதயச் செயலிழப்புப் பயிற்சியிலோ ஓராண்டு இருக்கலாம். ரெசிடென்சி முடித்த முழு டாக்டர், பயிற்சியாளருக்குரிய சம்பளத்தில், பெரிய மருத்துவமனையின் வார்டு முழுவதையும் சுமப்பார். அவரால் அந்த இடத்துக்குக் கிடைக்கும் பயன் கணிசமானது. "அடுத்த ஆண்டு உன்னை நினைவில் வைத்திருப்போம்" என்பது அவருக்குக் கிடைக்கும் பயன். சில இடங்கள் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்கின்றன. காசு வாங்கிக்கொண்டு ஆய்வுக் குழுவில் சேர்த்துவிடும் நிறுவனங்களும் இப்போது உண்டு. நம்பிக்கை இழக்கும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்திருப்பவர்களை, கட்டண விகிதத்தோடு சேர்த்துத்தான் பாராட்ட முடிகிறது.

இவற்றோடு சேர்க்காமல் நெஞ்சாரப் புகழ வேண்டிய ஒன்று இருக்கிறது: மேட்ச் கணக்கு. 1962-ல் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் காட்டிய வழி. ஆல்வின் ராத்தும் எலியட் பெரான்சனும் 1990-களின் பின்பாதியில் அதை விண்ணப்பிப்பவர் பக்கம் சாய்த்துத் திருத்தினார்கள். ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அந்தக் கணக்கில் ஒருவர் தம் விருப்பப் பட்டியலை மனத்தில் இருக்கும் வரிசைப்படியே எழுதுவதுதான் அவருக்கு நல்லது. தந்திரம் செய்து லாபம் பார்க்க வழியில்லை. அது இல்லாதபோது என்ன ஆகும் என்பதை இரைப்பை-குடல் துறையே பட்டுத் தெரிந்துகொண்டது. 1990-களின் பின்பாதியில் அங்கே மேட்ச் குலைந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் மற்றதை முந்திக்கொண்டு ஆள் பிடித்தது. மற்ற இன்டர்வியூக்களுக்குப் போய்ப் பார்க்கும் முன்பே பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி இளைஞர்களுக்கு வந்தது. 2006-ல் மேட்ச் திரும்பியது. உண்மை சொல்பவருக்கு நட்டம் வராத ஒரு மேடையை அறிஞர்கள் இப்படி உழைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நவம்பர் பட்டியலில் உண்மைக்கு அவ்வளவு பாதுகாப்பு. ஜூலைக் கோப்பில் அந்தப் பாதுகாப்பு ஒரு வரிக்கும் இல்லை. பட்டியலில் ஏமாற்ற வழி அடைபட்டதும், பளபளப்பு முழுவதும் கோப்புக்கு வந்து குடியேறிவிட்டது.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வை, அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்தாள். அவன் வேல்கள் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று மெச்சினாள். அதியமானுடைய வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று குறைப்பட்டுக்கொண்டாள். கொட்டிலைப் புகழ்ந்தாயிற்று. பட்டறையில் கிடப்பதைப் பற்றியும் குறை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நடுத்தர ஊர் ஒன்றில், பல்கலைக்கழகத்தோடு சேராத மருத்துவமனையில், மூன்றாம் ஆண்டு தொடங்கப்போகும் நம் பெண் ஒருத்தியை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவளைப் போலப் பலர் இருக்கிறார்கள். கேள் அம்மா, உன் குறைகளைச் சொல்கிறேன்.

மாலை ஏழு மணி ஆனால் அடுத்த குழுவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப உனக்குத் தெரியவில்லை. இறந்துகொண்டிருந்த முதியவரின் மகள் வேறு மாநிலத்திலிருந்து வந்து சேரும்வரை நீ உட்கார்ந்திருந்தாய். மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப அன்றிரவுதான் கடைசி. பத்துப் பேர் எழுதும் கட்டுரையில் உன் பெயரையும் போடுகிறோம் என்று வந்தவர்களிடம், நான் அதில் ஒன்றும் செய்யவில்லையே என்றாய். ஒரு முழு வரி உன் கையிலிருந்து போயிற்று. இதயச் செயலிழப்போடு வீடு திரும்பும் நோயாளிகளை ஒரு வாரத்துக்குள் தொலைபேசியில் அழைத்தால் அவர்கள் மீண்டும் மருத்துவமனைக்கு வருவது குறையுமா என்று நர்ஸையும் மருந்தாளுநரையும் சேர்த்துக்கொண்டு ஒன்றரை ஆண்டு பார்த்தாய். குறையவில்லை. குறையவில்லை என்றே எழுதினாய். மற்றவர்கள் ஆறு வரி சேர்க்கும் காலத்தில் நீ சேர்த்தது ஒன்று, அதுவும் தோற்ற ஒன்று. தேர்வில் முதல் முறை தேறவில்லை என்பதை, அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை என்ற காரணத்தைக்கூடச் சேர்க்காமல் ஒற்றை வாக்கியத்தில் எழுதி வைத்திருக்கிறாய். எந்த ஆலோசகரைக் கேட்டாலும் இது பொல்லாத பழக்கம் என்பார். எக்கோ அறைக்கு அனுப்பும் முன்பே வால்வின் சத்தத்தைக் கேட்டு நோயின் பெயரைச் சொன்னாய், எக்கோவும் அதையே சொன்னது. அதை எங்கேயும் எழுதிக்கொள்ளவும் இல்லை.

இந்தக் கடைசிக் குறை ஒன்றை மட்டும் நீ திருத்திக்கொள்ள வேண்டும். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

உன் புரோகிராம் டைரக்டரின் கடிதம் இல்லாமல் கோப்பு போகாது. அவருக்கு உன்னைப் போல முப்பது, நாற்பது ரெசிடென்ட்கள். நீ சொல்லாமல் அவருக்குத் தெரியாது. ஏப்ரலில் போய் அரை மணி நேரம் கேள். மூன்று நோயாளிகளைப் பற்றி, அந்த ஒன்றரை ஆண்டு வேலையைப் பற்றி, தேர்வில் தவறியதைப் பற்றி ஒரே தாளில் எழுதி எடுத்துப் போ. தவறியதை அவர் தம் கடிதத்தில் தாமே சொன்னால் அதற்கு வேறு மதிப்பு. பெரிய பெயர்க்காரர் வேண்டாம். தீவிர இதயப் பிரிவில் நான்கு வாரம் உன் பக்கத்தில் நின்றாரே, உன் காது சொன்னதை எக்கோவில் சரிபார்த்தாரே, அவரிடம் கேள். "என்னைப் பற்றி வலுவாக எழுத முடியுமா, டாக்டர்?" என்று நேராகவே கேள். அவர் ஒரு நொடி தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போ. நீ செய்யாத வேலை எதுவும் கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடு. இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். உன் விசாவை ஏற்கும் இடங்கள் எவை, உன் மருத்துவமனையிலிருந்து முன்பு ஆள் எடுத்தவை எவை என்று சீனியர்களிடம் விசாரித்து அங்கே அனுப்பு. வடிகட்டியைத் தாண்டாது என்று தெரிந்த நூறு இடங்களுக்குக் கட்டும் பணத்தை அப்பாவுக்கு அனுப்பு. டிசம்பரில் கிடைக்கவில்லையென்றால், சம்பளமில்லாத ஆய்வு வேலைக்குப் போகாதே. உன் விசா இடம் கொடுத்தால், இதயநோய் ஃபெலோஷிப் நடக்கும் மருத்துவமனை ஒன்றில் உள்நோயாளிகளைப் பார்க்கும் ஹாஸ்பிடலிஸ்டாகச் சேர், முழுச் சம்பளத்துக்கு. அங்கே அந்தத் துறைக்காரர்களுக்கு ஒவ்வொரு இரவும் உன்னிடமிருந்து போன் வரும். நீ எப்போது கூப்பிடுகிறாய், என்ன தெரிந்துகொண்டு கூப்பிடுகிறாய் என்பதை ஆறு மாதத்தில் அறிந்துகொள்வார்கள்.

கோப்புகளைப் படித்து முடிவு செய்யும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரைகளை எண்ணுவதற்குப் பதில், விண்ணப்பிப்பவர் தாமே தேர்ந்தெடுத்த ஒரே ஒரு கட்டுரையைக் கேளுங்கள். இன்டர்வியூவில் அதைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுங்கள். 37-ல் 36 தேவையில்லை என்று ஆகிவிட்டால், அந்த 36-க்காகத் தூங்காமல் இருப்பதை அவர்கள் நிறுத்துவார்கள். கடிதம் எழுதுபவரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்குங்கள்: உங்கள் வீட்டில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் இவர் பணியில் இருக்க வேண்டும் என்று விரும்புவீர்களா, எந்த நோயாளியைப் பார்த்த பிறகு அப்படி நினைத்தீர்கள்? அந்த நோயாளியைப் பற்றி நான்கு வரி எழுத முடியாத கடிதத்தை, யார் கையெழுத்திட்டிருந்தாலும், திருப்பி அனுப்புங்கள்.